கேஸ் அடிக்கும்போது வர வேண்டிய சத்தம்

எங்கள் பக்கத்தில் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடிக்க ஆள் வந்தால், வீட்டில் இருப்பவர்கள் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்கள். மெக்கானிக் சிலிண்டரில் ஹோஸை மாட்டுவார். மறுமுனையில் மரையைக் கொஞ்சம் தளர்த்தி, 'உஸ்' என்று ஒரு தடவை கேஸை வெளியே விடுவார். ஹோஸுக்குள் நிற்கும் காற்றை விரட்டுவதற்காகச் செய்கிற வேலை அது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் அத்தாட்சி. அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, வந்தவர் யோக்கியர் என்று மனசு ஆறும். விழாவிட்டால், "என்ன அண்ணாச்சி, சத்தமே வரலயே, அடிச்சீயளா இல்லியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் தாராளப் பிரபு. வளைகுடாவுக்குப் போவதற்கு முன்னால் சுரண்டையில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். அப்போது வீட்டுக்காரர்களுக்காக ஒரு உஸ், ஃப்ரிட்ஜின் பின்பக்கம் படிந்த தூசியை ஊத ஒரு உஸ், வெயில் நேரமாக இருந்தால் தன் கழுத்துக்கு ஒரு உஸ் என்று விடுவார். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடித்தபோது என் கன்னத்துக்கும் ஒன்று விட்டார். குளிர் வெடுக்கென்று ஏறியதில் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு அவர் வைகாசியில் லீவில் வந்தார். குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் யார் வீட்டு ஆண்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எப்ப வந்தீய, எப்பப் போறீய?" நடுவில் மூச்சுக்கூட விட மாட்டார்கள். வந்தவர் ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கி முடிப்பதற்குள் போகிற தேதியைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தடவை அவர் தேதி சொல்லவில்லை. "பாக்கணும்" என்றார்.

என்ன விஷயம் என்று அவர் வந்து மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனியில் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். இனிமேல் ஃப்ரிட்ஜ், ஏசி கேஸைத் தொடுகிற எவரும், கேஸை முறைப்படி கையாளத் தெரியும் என்று ஒரு சர்டிபிகேட் வைத்திருக்க வேண்டும். லீவில் போனவர்கள் ஊரிலேயே அதை வாங்கிக்கொண்டு வந்தால் டிக்கெட். ஆடி பிறப்பதற்குள் வாங்கவில்லை என்றால் வர வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்று இன்றைக்கு யாராவது கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பகீர் என்றது. அதே சமயம் உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஒரு சின்னச் சந்தோஷமும் தலையைத் தூக்கியது. அதைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

அவர் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை. மகள் தவழ ஆரம்பிப்பதற்குள் விமானம் ஏறியவர் அவர். அவள் அப்போதே திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் சுவரும்தான். போனில் பேசும்போது இவரைப் போல ஒரு மனிதர் உண்டா என்றிருக்கும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று அத்தனை கரிசனம். ஆள் நேரில் வந்தால் முதல் வாரம் விருந்தாளி. இரண்டாம் வாரம் உப்பு டப்பாவை இடம் மாற்றுவார், மோட்டார் சுவிட்சைக் கழற்றுவார், நான் வேலைக்குப் போகிற பஸ் சரியில்லை என்பார். மூன்றாம் வாரம் இரண்டு பேரும் எலியும் பூனையும். நான்காம் வாரம் பீரோ மேலிருந்து பெட்டி இறங்கும். அதைப் பார்த்ததும் இரண்டு பேர் வாயும் அடைத்துவிடும்.

"இருங்க" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "இருக்கேன்" என்று அவரும் சொன்னதில்லை. அது எங்கள் தெருவில் யாரும் பேசுகிற பேச்சே இல்லை.

அப்படி ஒரு சர்டிபிகேட் இங்கே உண்டா என்று விசாரித்ததில்தான் முதல் குழப்பம் ஆரம்பித்தது. தென்காசியில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடைக்காரர், "அதெல்லாம் பெரிய ஏசி பிளாண்ட்ல வேலை பாக்கிறவங்களுக்கு. வீட்டு ஃப்ரிட்ஜு பாக்கிறவனுக்கு எதுக்குடே?" என்றார். சுரண்டையில் இவருடைய பழைய முதலாளி, "வந்துட்டுலே. இனிமே கார்டு இல்லாம சிலிண்டரே தர மாட்டானுவளாம்" என்றார். கடையநல்லூரில் இவரோடு சேர்ந்து தொழில் பழகிய ஒருவர், சட்டம் ஒன்றும் கிடையாது, சும்மா இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், மத்தியானம் சாப்பாடு உண்டு என்றார். இது சட்டமா, சலுகையா, பயமுறுத்தலா என்று தெரியாமலேயே அவர் பேரைப் பதிந்துவிட்டு வந்தார். பயிற்சி குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில். சீசன் தொடங்கவில்லை, ஹால் காலியாகக் கிடந்தது.

முதல் நாள் சாயங்காலம் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். அதை என் மடியில் போட்டுவிட்டு, "ஒரு எழவும் புரியல. நீ படிச்சுச் சொல்லு" என்றார்.

நான் தென்காசியில் ஒரு அச்சகத்தில் பிழை பார்க்கிறவள். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். தமிழில் அச்சடித்த எதுவும் எனக்குப் புரியாமல் போகாது என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அது அந்தப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இறங்கிவிட்டது. 'குளிர்பதனப் பொருள்' என்றிருந்தது. எது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கேஸா இருக்கும்" என்றார். 'மீட்டெடுத்தல்' என்றிருந்தது. அது யாரை என்று அவர் கேட்டார். பழைய கேஸை வெளியே விடாமல் ஒரு மெஷின் வைத்து உறிஞ்சி வேறொரு சிலிண்டரில் அடைப்பதற்குத்தான் அந்தப் பேர் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆயிற்று. அந்த மெஷினை அவர் வெளிநாட்டில் தினமும் பார்த்திருக்கிறார். அது இதுதான் என்று தெரியவில்லை.

அடுத்தது நம்பர்கள். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜில் பன்னிரண்டாம் நம்பர் கேஸ். அது வானத்தில் ஓசோனை ஓட்டை போட்டதால் ஒழித்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்தது நூற்று முப்பத்து நாலு. அது ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். அதற்கும் பதில் வந்தது அறுநூறு. அது ஓசோனையும் தொடாது, சூடும் ஆக்காது, ஆனால் தீப்பிடிக்கும். எனக்குத் தலை சுற்றியது. தயிரைக் குளிர வைக்கிறதற்கு இத்தனை வில்லங்கமா என்றிருந்தது.

கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது என் வேலை. கேஸை வெளியே விடலாமா என்று கேட்பேன். "கூடாது. ஒரு பொட்டுகூட விடக் கூடாது" என்பார். சரி என்று டிக் போடுவேன். நாலு பக்கம் தள்ளி அறுநூறாம் நம்பர் கேஸைப் பற்றிய பாடம். அதில், வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற கொஞ்சூண்டு கேஸை நீண்ட ஹோஸ் போட்டு ஜன்னலுக்கு வெளியே திறந்தவெளியில் விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தது. முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். என் தொழில் புத்தி அப்படி.

"விடலாமா, கூடாதா? ஏதாவது ஒண்ணச் சொல்லச் சொல்லுங்க உங்க வாத்தியார" என்றேன்.

"நீயே வந்து கேளு. எனக்குக் கோட்டி பிடிச்சிரும் போல இருக்கு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சகம் லீவு. அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். ஹால் நிறைய மெக்கானிக்குகள். எல்லோரும் ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற மாதிரியே பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்கிறவர் மதுரைப் பக்கத்து ஆள், பொறுமைசாலி. நான் எழுந்து நின்று என் சந்தேகத்தைக் கேட்டதும் ஹாலில் ஒரே சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டும் சரிதாம்மா. நூத்தி முப்பத்தி நாலு இருக்கே, அது உங்க பக்கத்துல இருந்தா சாது. ஒண்ணும் செய்யாது. மேல போனாத்தான் கெடுதல். அதனால வெளிய விடக் கூடாது. அறுநூறு அதுக்கு நேர்மாறு. மேல போயிட்டா சாது. ரூமுக்குள்ள பக்கத்துல வச்சிருந்தா எப்பப் பத்திக்கிடும்னு தெரியாது. அதனால அத வெளிய விட்டுரலாம். அதுவும் கொஞ்சமா இருந்தா மட்டும், பக்கத்துல தீப்பொறி இல்லாம."

எனக்குப் புரிந்தது மாதிரி இருந்தது. உட்கார்ந்ததும் மறுபடி புரியவில்லை. இதெல்லாம் கட்டாயச் சட்டமா என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "கொஞ்சம் வந்திருக்கு, கொஞ்சம் வரும்" என்றார் அவர். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

திரும்பி வரும்போது பைக்கில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க எந்த கேஸுன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னட்டி?"

"தூரத்துல இருந்தா சாது. பக்கத்துல இருந்தா பத்திக்கிடுவீய. நீங்க அறுநூறுதான்."

சத்தமாகச் சிரித்தார். வண்டி கொஞ்சம் ஆடியது. பிறகு, "அப்பம் அந்த கேஸை என்ன செய்யச் சொல்லிருக்கு புஸ்தகத்துல?" என்று கேட்டார்.

"வெளிய விட்டுரச் சொல்லிருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் மேலகரம் தாண்டி, தென்காசி தாண்டி, வீட்டு வாசல் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இறங்கியதும், "பிள்ளைக்குப் போன் போட்டியா?" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பரீட்சையில் எழுத்து ஒரு பாதி, செய்து காட்டுவது ஒரு பாதி. எழுத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிச் சொல்லி உருப்போட வைத்திருந்தேன். பயமெல்லாம் அந்த உஸ்ஸைப் பற்றித்தான். புத்தகத்தில் அதற்கென்றே கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஹோஸில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டுமானால் வேக்குவம் பம்பை ஓட விட்டு எடுக்க வேண்டும், கேஸை விட்டு விரட்டக் கூடாது. தெரிந்தே காற்றில் கேஸை விட்டால் மற்ற எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் செய்முறையில் தோல்வி. அது ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

வீட்டில் வெறும் ஹோஸை வைத்துப் பழகினோம். சமையலறைத் தரையில் அழுத்தம் பார்க்கிற கேஜ், ஹோஸ், காலி சிலிண்டர் எல்லாம் பரப்பியிருக்கும். நான் எதிரே ஒரு ஸ்கேலோடு உட்கார்ந்திருப்பேன். அவர் வரிசையாகச் செய்துகொண்டே வருவார். ஹோஸை மாட்டி முடித்ததும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தானாக மரைக்குப் போகும். கேஸே இல்லாத ஹோஸ், இருந்தும் வாயால் 'உஸ்' என்பார். நான் ஸ்கேலால் கையில் ஒன்று போடுவேன்.

"அடி ஏட்டி, வலிக்கி!"

"அப்பம் கையைக் கொண்டு போகாதீய."

"ஜனங்க சத்தம் கேட்டாத்தான நம்புதாவ. நீ வேணா போயி அவங்களுக்குப் பாடம் எடு."

பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போயிற்று. கடைசி வாரத்தில் ஸ்கேலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பம்பை மாட்டி, வால்வை மூடி, கேஜில் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, தராசில் சிலிண்டரை வைத்து, எடை பார்த்து கேஸை ஏற்றுவது வரை வாயும் திறக்காமல் கையும் தவறாமல் செய்துகாட்டினார். அவர் முன்பெல்லாம் கம்ப்ரசர் பைப்பைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சியை வைத்துத்தான் கேஸ் போதுமா என்று சொல்வார். அதையும் விட்டுவிட்டார்.

"தேறிட்டீய" என்றேன். அவர் ஹோஸைச் சுருட்டிக்கொண்டே, "அப்பம் போயிருலாம்" என்றார். பாடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதற்காக இவ்வளவு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

பரீட்சை ஆனி மாசம் நடந்தது. சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் யாருக்காவது குற்றாலத்தில் ஒரு வேலை இருந்தால் வீட்டில் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பேங்க் வேலையானாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போனாலும் சரி, திரும்பும்போது அருவியில் ஒரு குளியல் போடாமல் வர முடியாது. அன்றைக்கும் அப்படித்தான். மெக்கானிக்குகள் பரீட்சைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எண்ணெய்த் தலையும் துண்டும் சோப்பு டப்பாவுமாக லாட்ஜின் பின்பக்கத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். யார் வீட்டுக்காரர் எந்தக் கேள்வியில் சறுக்குவார் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

செய்முறை நடந்தது தாழ்வாரத்தை ஒட்டிய ஒரு அறையில். தீப்பிடிக்கிற கேஸ் இருப்பதால் ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பார்க்க முடியாது, ஜன்னல் உயரம். ஆனால் எல்லாம் கேட்கும். சென்னையிலிருந்து ஒரு அம்மாள் பரீட்சை வைக்க வந்திருந்தார். நறுக்கென்று பேசுகிறவர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சீட்டு எடுக்கச் சொல்லி, வருகிற ஃப்ரிட்ஜில் வேலையைச் செய்யச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. உள்ளே போகும்போது தாழ்வாரத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு நேர் கீழே நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

எந்த கேஸ் என்று அந்த அம்மாள் கேட்பது கேட்டது. "நூத்தி முப்பத்தி நாலு, மேடம். மேல ஒட்டியிருக்கு" என்றார். மீட்டெடுக்கிற மெஷின் ஓடியது. நின்றது. வேக்குவம் பம்ப் ஓடியது. ரொம்ப நேரம் ஓடியது. நான் வாய்க்குள்ளேயே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பம்ப் நின்றது. இப்போது வால்வை மூட வேண்டும். முள்ளைப் பார்க்க வேண்டும். சிலிண்டரைத் தராசில் வைக்க வேண்டும். எல்லாம் ஆயிற்று. ஹோஸை மாட்ட வேண்டும். ஐயோ, தேறிவிடுவார், போய்விடுவார் என்று நினைத்தேன்.

உஸ்.

சின்னதாக இல்லை. நீளமாக, நிதானமாக, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு உஸ். பேசிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். முறைக்காகக் காத்திருந்த ஆண்கள் "ச்சேய்" என்றார்கள். உள்ளே அந்த அம்மாள், "சார், இது என்ன?" என்றார்.

"கைப் பழக்கம் மேடம்" என்று என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"அடுத்த பேட்ச்ல வாங்க சார்."

அடுத்த பேட்ச் ஆவணியில். கம்பெனி கொடுத்திருந்த கெடு ஆடி பிறப்பதற்குள். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "வா, குளிச்சிட்டுப் போவோம்" என்றார்.

ஐந்தருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். அதனால் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் முகம் எப்படி இருந்தது என்றும் தெரியாது. தண்ணீர் தலையில் அடிக்கும்போது ஒரு நிமிஷம் அந்த மனுஷனை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்றிருந்தது. இத்தனை நாள் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியது எல்லாம் வீண்தானே? அடுத்த நிமிஷம் சிரிப்பு வந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"எப்பிடிங்க மறந்து போச்சு? இங்கன ஒரு தடவைகூடத் தப்பலையே."

"கை மறந்துட்டுட்டி. என்ன செய்யச் சொல்லுத?"

"கைக்கு என்ன, தனியா மூளையா இருக்கு?"

"சவத்த விடு" என்று துண்டைக் காயப்போடப் போனார். எனக்கு அது போதவில்லை. தோற்றவர் முகம் மாதிரியே அது இல்லை. சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு மனிதர் இருபது வருடத் தொழிலைப் போட்டு உடைத்துவிட்டு வந்து நிற்கிறார், அவரைப் போய் நடிக்கிறார் என்று நினைக்கலாமா? ஒருவேளை நிஜமாகவே கைப் பழக்கமாக இருந்தால்? பைக்கில் நான் சொன்ன பேச்சு மனசில் உறுத்தி, அந்த நேரத்தில் கை தவறியிருந்தால்? எந்தப் பக்கம் யோசித்தாலும் அந்தப் புத்தகம் மாதிரிதான், இரண்டும் சரி என்றே வந்தது.

தெருவில் கேள்வியை மாற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. "எப்பப் போறீய?" என்பார்கள். "போகல" என்பார். "ஏன்?" என்பார்கள். "ஃபெயிலு" என்பார், ஏதோ மெடல் வாங்கின மாதிரி. எனக்குத்தான் மானம் போகும். பெட்டி பீரோ மேலேயே இருந்தது. பரீட்சை நடந்த லாட்ஜிலேயே ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டார். சீசன் முழுக்க அங்கே போய் வந்தார். உப்பு டப்பா அவர் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான்தான் பழகிக்கொண்டேன். சண்டை குறைந்ததா என்றால் இல்லை. சண்டை போட்டுவிட்டு மறுநாளும் அதே முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே புதுசு.

கார்த்திகையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் குளிராமல் போயிற்று. இது பழைய ஃப்ரிட்ஜ் இல்லை, அறுநூறாம் நம்பர் கேஸ் போட்டது. ஒரு மத்தியானம் சாமான்களோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். அடுப்பை அணைக்கச் சொன்னார். சாமி விளக்கையும் மலையேற்றச் சொன்னார். ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாம் திறந்தாயிற்று. மிச்சமிருந்த கேஸை நீள ஹோஸ் போட்டு ஜன்னலுக்கு வெளியே விட்டார்.

"வெளிய விடலாமா?" என்றேன்.

"இது அறுநூறுல்லா. விடலாம்" என்றார்.

பைப்பைச் சூடு காட்டாமல் கட்டரால் வெட்டி, ஒழுகின இடத்தைச் சரி பண்ணி, பம்பை ஓட விட்டார். நான் ஊர் வழக்கப்படி பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன். பம்ப் நின்றது. சின்ன சிலிண்டரைத் தராசில் வைத்தார். ஹோஸை மாட்டினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் தராசைப் பார்த்தார், வால்வைத் திறந்தார், மூடினார். கழற்றித் துடைத்து வைத்துவிட்டார்.

"சத்தமே வரலயே, அடிச்சீயளா இல்லியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் ஊர்க்காரர்கள் மாதிரியே கேட்கிறேன் என்று தெரிந்தது.

"அடிச்சாச்சு. சத்தம் வராமத்தான அடிக்கணும். நீதான சொல்லிக்குடுத்த."

"கை மறக்கலையா?"

"நீ ஸ்கேல் வச்சு அடிச்ச அடிக்கு எந்தக் கை மறக்கும்? அப்பவே பழகிட்டு."

அவர் துடைத்து வைத்த ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"அப்பம் பரீட்சையில?"

ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் போட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

"ஜன்னலுக்கு வெளிய நீ உக்காந்திருந்தல்லா. உனக்குக் கேக்கணும்னுதான்."

இத்தனை வருடத்தில் அவர் "இருக்கேன்" என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதைச் சொன்ன அன்றைக்கு நான் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு, செய்முறையில் எத்தனையாவது படி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவ்வளவு சத்தமாகச் சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை. கோபம் வந்தது, அழுகை வந்தது, பாவி மனுஷா என்று முதுகில் ஒன்று போட வேண்டும் போல ஆசையாக இருந்தது. இதில் எந்தக் குழப்பமும் இல்லை.

"காப்பி போடுதேன்" என்று அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"ஏட்டி, இப்பம் பத்த வைக்காத. கொஞ்சம் காத்து போவட்டும்."

சரி என்று நானும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.